ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பம்பு

மாதத்தின் முதல் ஞாயிறு காலையில் என் அம்மா ஒரே கேள்வியைத்தான் கேட்பாள். "இந்த மாசம் எத்தன பேரு உங்கப்பா பேரச் சொன்னாங்க?"

கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். நான் மூளை நரம்பு நோய்களை ஆராய்கிறவள். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. நாங்கள் எழுதும் கட்டுரைகளை மற்ற ஆராய்ச்சியாளர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை தடவை எடுத்துச் சொல்கிறார்கள் என்பதை எண்ணித்தான் எங்களுக்கு மரியாதை, பதவி எல்லாம். மேற்கோள் எண்ணிக்கை என்பார்கள். அடையாளக் கார்டில் நான் ஆறுமுகத்தின் மகள் ரோகினி. வெளிநாட்டுச் சஞ்சிகைக்காரர்களுக்கு நம்முடைய மகன், மகள் கணக்கெல்லாம் எங்கே புரியப்போகிறது? கடைசியில் இருப்பதுதான் குடும்பப் பெயர் என்று முடிவு கட்டி, முதல் கட்டுரையிலேயே 'ஆறுமுகம், ஆர்.' என்று போட்டுவிட்டார்கள். அந்த ஒற்றை எழுத்து ஆர்.தான் நான்.

அப்பா பெடாஸுக்கு உள்ளே ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். கைநாட்டு. எனக்குப் பதினைந்து வயதில் போய்விட்டார். அவர் பெயரை இன்று ஜப்பானில் சொல்கிறார்கள், பிரேசிலில் சொல்கிறார்கள் என்று ஒரு நாள் விளையாட்டாக அம்மாவிடம் சொன்னேன். அவ்வளவுதான். கட்டுரையின் முதல் பக்கத்தைக் கண்ணாடி போட்டு, சிரம்பான் பக்கம் பாரோயில் நாங்கள் இருக்கும் வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டாள். ஆங்கிலம் தெரியாது. ஆனால் 'ஆறுமுகம்' எந்த இடத்தில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுவாள். நடுங்கும் விரல்தான், இடம் மட்டும் தப்பாது.

நடுக்கம் என்றேன் இல்லையா? அம்மாவுக்கு ஆறு வருடமாகப் பார்கின்சன். நான் இருபது வருடமாக எழுதிக்கொண்டிருப்பதும் பார்கின்சனைப் பற்றித்தான். நல்ல கூத்து. "ஏம்மா, எனக்கு ஏன் வந்துச்சு?" என்று கேட்டபோது, பெரிய டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "காரணமெல்லாம் ஒன்னும் இல்லம்மா, வயசு" என்று சொன்னவள் நான். அதை நினைத்தால் இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அந்தக் கட்டுரைக்கு வருகிறேன். என் பெயரில் ஐம்பத்தெட்டுக் கட்டுரைகள் இருந்தன. பாதியை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 2011இல் வந்த ஒன்று மட்டும் அறுநூற்று நாற்பத்தொரு மேற்கோள் வாங்கியது. நெகிரி செம்பிலான் மாநிலத் தோட்டங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு பெண்களைப் பேட்டி கண்டு எழுதியது. களைக்கொல்லி தெளிப்பதற்கும் நடுக்க நோய்க்கும் தொடர்பு உண்டா என்பது கேள்வி. தொடர்பு தென்படவில்லை என்பது எங்கள் பதில்.

உலகத்தில் பல பேருக்கு அந்தப் பதில் தேவைப்பட்டிருக்கிறது. களைக்கொல்லி விற்கிற ஒரு கம்பெனி தன் கையேட்டில் அதைப் போட்டுக்கொண்டது. பாதுகாப்பு விதிகளைத் தளர்த்தலாமா என்று கூடிய ஏதோ ஒரு குழு தன் அறிக்கையில் போட்டுக்கொண்டது. 'தோட்டப் பெண்களிடம் தொடர்பு காணப்படவில்லை (ஆறுமுகம், 2011).' ஒவ்வொன்றுக்கும் எண் ஒன்று ஏறியது. நான் அம்மாவிடம் எண்ணைச் சொன்னேன். அம்மா முருகனைக் கும்பிட்டாள்.

இனி என் மடத்தனம். கேள்விப் படிவத்தைத் தமிழில் எழுதியது நான்தான். முதலில் 'மருந்து அடித்ததுண்டா?' என்றுதான் எழுதினேன். தோட்டத்தில் வளர்ந்த எவளும் அப்படித்தான் எழுதுவாள். அங்கே களைக்கொல்லிக்கு மருந்து என்றுதான் பெயர். மருந்து ஸ்டோர், மருந்து லோரி, மருந்து அடிக்கிற கேங். அப்போது எனக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் டாக்டர் ஜெயசங்கர், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிய கிராணியின் பேரன், யாழ்ப்பாணப் பேச்சு இன்னும் போகாதவர். படிவத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்ன ரோகினி, மருந்து எண்டால் நோய்க்குக் குடிக்கிறது எல்லோ? சரியான தமிழைப் போடும்."

எனக்குக் காது சூடாகிவிட்டது. தோட்டத்து வரிசை வீட்டில் வளர்ந்த லயத்துப் பிள்ளை என்று காட்டிக்கொடுத்துவிட்டேனே என்று வெட்கம். அன்றே அடித்துவிட்டுப் 'பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி பயன்படுத்தியதுண்டா?' என்று மாற்றினேன். மருந்து என்ற சொல் சும்மா கிடக்கக் கூடாதே! அதைக் கொண்டுபோய் இருபத்துமூன்றாம் கேள்வியில் வைத்தேன். 'தொடர்ந்து மருந்து பயன்படுத்தியிருக்கிறீர்களா? எத்தனை ஆண்டுகள்? ஒரு நாளைக்கு எவ்வளவு?' இரத்தக் கொதிப்பு, நீரிழிவு மாத்திரைகளுக்காக வைத்த கேள்வி அது. பேட்டி எடுக்கப் போனவர்கள் கோலாலம்பூர்ப் பிள்ளைகள். தோட்டத்தை ஹைவேயிலிருந்து பார்த்தவர்கள்.

பதின்மூன்று வருடம் இது எனக்குத் தெரியாது. போன வருடம் மார்ச் மாதம், பேராசிரியர் பதவிக்கான நேர்முகத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது தெரிந்தது.

காலை எட்டு மணி இருக்கும். பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் ரதி இன்னும் வரவில்லை. நான் மாத்திரையும் தண்ணீருமாகப் போய், "அம்மா, மருந்து" என்றேன். அம்மா முகத்தைச் சட்டென்று திருப்பிக்கொண்டாள். பார்கின்சன் முற்றினால் சிலருக்கு இல்லாததெல்லாம் கண்ணில் தெரியும். அன்றைக்கு அம்மா ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம், காத்து எதுத்தாப்ல அடிக்குது. மூஞ்சில படும். செத்த நேரம் கழிச்சு அடிக்கலாம்."

"எதம்மா அடிக்கணும்?"

"மருந்துதான். லோகேஸ்வரிய மூக்குல துணி கட்டிக்கச் சொல்லு. அவ சொன்னா கேக்க மாட்டா."

நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். லோகேஸ்வரி எங்கள் லயத்து அத்தை, செத்துப்போய்ப் பத்து வருடத்துக்கு மேல். அப்பா போன பிறகு அம்மா மரம் வெட்டுவதை விட்டுவிட்டு வெளிக்காட்டு வேலைக்குப் போனது எனக்குத் தெரியும். புல்லு வெட்டுகிறாள், உரம் போடுகிறாள் என்று நினைத்திருந்தேன். நான் அப்போது சிரம்பானில் ஹாஸ்டலில் இருந்தேன். அதன்பிறகு பல்கலைக்கழகம். என்ன வேலைம்மா என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

"எத்தன வருசம்மா மருந்து அடிச்ச?"

"பதினெட்டு வருசம்." அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் தெளிந்திருந்தது. "ஏன், உன் பரீட்சைக்கு வந்த புள்ளைங்ககிட்ட சொன்னேனே. அந்தப் பொண்ணு எழுதிக்கிச்சே!"

"நீயும் போனியா?"

"ஆள் பத்தலன்னு நீதானே போன்ல பொலம்புன? நானும் லோகேஸ்வரியும் போனோம். உன் அம்மான்னு நான் சொல்லல. சொன்னா உனக்கு மார்க்கு கொறச்சிடுவாங்கன்னு."

"களைக்கொல்லின்னு கேட்டப்ப என்னம்மா சொன்ன?"

"கொல்லின்னா? ஐயோ சாமி! குடிச்சுட்டுச் சாகறதக் கேக்கறாங்கன்னு நெனச்சோம். லயத்துல எத்தன பொண்ணுங்க அதக் குடிச்சுச் செத்துச்சுங்க. நாங்க தொட்டதே இல்லன்னுட்டோம்."

அன்றைக்கு மாத்திரை கொடுத்தேனா இல்லையா என்றே நினைவில்லை. ரதி வந்ததும் காரை எடுத்தேன். கோலாலம்பூர் போகும் வழியில் மந்தின் தாண்டும்வரை அழுகை வரவில்லை. தாண்டியதும் வந்தது. ஓரமாக நிறுத்தி அழுதுவிட்டுப் போனேன்.

பழைய படிவங்கள் பல்கலைக்கழகக் கிடங்கில் நான்கு பெட்டிகளில் இருந்தன. அவற்றில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இருபத்துமூன்றாம் கேள்வியை மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். 'மருந்து: ஆம். 14 வருடம். பெயர் தெரியாது.' 'மருந்து: ஆம். 20 வருடம். பெயர் தெரியாது. ஞாயிறு மட்டும் இல்லை.' எந்த இரத்தக் கொதிப்பு மாத்திரைக்கு ஐயா ஞாயிற்றுக்கிழமை லீவு? இதைத்தான் நான் கணினியில் ஏற்றி, நாற்பத்தொரு பெண்களைக் 'களைக்கொல்லி தொடாதவர்கள்' வரிசையில் சேர்த்து, அறுநூற்று நாற்பத்தொரு பேர் எடுத்துச் சொல்லும்படி எழுதியிருக்கிறேன்.

நூற்றுப் பதினேழாம் படிவம்: 'மருந்து: ஆம். 18 வருடம். மகள் படிப்புக்காக.' அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை எவளோ ஒரு மாணவி அப்படியே எழுதி வைத்திருந்தாள். அவளுக்கு அது புரிந்திருக்காது.

அதற்கு அடுத்தது நூற்றுப் பதினெட்டு. கை நடுக்கம் உண்டு. பதினாறு வருடம் மருந்து. எவ்வளவு என்ற இடத்தில் 'ஒரு நாளைக்குப் பன்னிரண்டு பம்பு'. பக்கத்தில் பென்சிலால் 'ஆஸ்துமாவா?' என்று எழுதியிருந்தது. முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு தடவை நிரப்பி நிரப்பித் தெளித்தவளை, மூச்சு முட்டிப் பம்பு அடித்துக்கொண்டவள் என்று நினைத்திருக்கிறார்கள். சிரிப்பு வந்தது. சத்தமாகவே சிரித்துவிட்டேன், கிடங்குக்காரர் எட்டிப் பார்த்தார். அதே தாளில் மதுப்பழக்கம் என்ற இடத்தில் 'இல்லை' என்பதை அடித்து, 'ஆம், கணவர் சொல்கிறார்' என்று எழுதியிருந்தது.

நாற்பத்தொரு பேரையும் சரியான வரிசைக்கு மாற்றிப் போட்டுக் கணக்கு செய்தேன். மருந்து அடித்தவர்களுக்கு நடுக்க நோய் மற்றவர்களைவிட இரண்டரை மடங்கு. திரும்பத் திரும்பச் செய்தேன். எண் மாறவில்லை.

ஜெயசங்கர் ஓய்வு பெற்றுவிட்டார். கட்டுரையில் இரண்டாவது பெயர் அவருடையது. போனில் சொன்னேன். 

"ரோகினி, நீர் யோசிச்சுத்தான் கதைக்கிறீரா? இன்டர்வியூ முடியட்டும். பிறகு திருத்தம் எண்டு ஒரு வரி போடுவம்."

"ஒரு வரி போதாது டாக்டர். பதிலே தலைகீழ். வாபஸ் வாங்கணும்."

"வாபஸ் வாங்கினால் உம்மட மற்றக் கட்டுரையளையும் ஆரும் நம்பமாட்டினம். உமக்குப் பேராசிரியர் பதவி வேண்டாமோ?"

"அந்த நாற்பத்தொரு பேருல எங்கம்மாவும் ஒருத்தி."

 பிறகு மெல்ல, "அந்தச் சொல்லை மாத்தச் சொன்னது நான்தான், என்ன?" என்றார். மாற்றியது நான்தான் என்றேன். அவருக்காகச் சொல்லவில்லை. உண்மை அதுதான். வாபஸ் கடிதத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நேர்முகத்தில் நானே முதலில் சொல்லிவிட்டேன். மிகவும் நேர்மையானவர் என்று பாராட்டிவிட்டு வேறொருவருக்குப் பதவியைக் கொடுத்தார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. சஞ்சிகையின் இணையப் பக்கத்தில் கட்டுரையின் மேல் குறுக்காகச் சிவப்பு எழுத்தில் 'திரும்பப் பெறப்பட்டது' என்று போட்டார்கள். சரியாக அப்பா பெயர் மேலேயே அது விழுந்திருந்தது.

அடுத்த மாதத்தின் முதல் ஞாயிறு வந்தது.

"இந்த மாசம் எத்தன பேரு உங்கப்பா பேரச் சொன்னாங்க?"

ஏதாவது ஒரு எண்ணைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். நாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அந்தத் தாளுக்காகத்தான் அம்மா பதினெட்டு வருடம் தொட்டி சுமந்தாள். அவளிடமே பொய் சொல்ல மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அம்மா சுவரில் இருந்த கண்ணாடிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேனா? என்னாலதான் உனக்கு ஃபெயில் போட்டுட்டாங்களா?"

"இல்லம்மா! நீ சரியாத்தான் சொன்ன. எனக்குத்தான் கேக்கத் தெரியல."

அம்மாவின் கை போர்வைக்கு மேல் ஆடிக்கொண்டே இருந்தது. அவள் அதை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"அப்ப இது அந்த மருந்தாலதானா?"

"இருக்கும்மா. உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இருக்கும்."

"லோகேஸ்வரிக்கும்?"

"அவங்களுக்கும்."

அம்மா அழுவாள் என்று எதிர்பார்க்கவில்லை. எனக்கு நினைவு தெரிந்து அப்பா சாவுக்கு அழுததோடு சரி.

"பாவி நான். குடிகாரின்னு சொன்னோமேடி அவள. கிளாஸப் புடிக்க முடியாமக் கை ஆடுனா, தள்ளாடித் தள்ளாடி நடப்பா. வேல வாங்குற மண்டோரு அவள வேலைய விட்டுத் தூக்கிட்டான். லயமே சிரிச்சுச்சு. நான் குடிக்கல ராக்கம்மான்னு என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதா. நானும் நம்பல. சும்மா நடிக்காதடின்னுட்டேன்." மூக்கைத் துடைத்துவிட்டேன். என் கையைத் தள்ளினாள். "போ. அவ புருசன் முருகையா அண்ணன்கிட்டப் போய்ச் சொல்லிட்டு வா. இப்பவே போ."

ஆராய்ச்சியில் பங்கெடுத்தவர்களுக்குத் தவற்றைத் தெரிவிப்பது என் கடமை என்று பல்கலைக்கழகக் குழு கடிதம் கொடுத்திருந்தது. பெயர்ப் பட்டியலும் கைக்கு வந்திருந்தது. ஆனால் அன்று நான் போனது அம்மா துரத்தியதால்.

முருகையா மாமா பெடாஸில் ஒரு மலிவு வீட்டில் தனியாக இருந்தார். எண்பதை நெருங்கிவிட்டார். லோகேஸ்வரி அத்தை போய்ப் பதினோரு வருடம். என்னைப் பார்த்ததும் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"வாம்மா. அம்மா எப்படி இருக்கு? தேத்தண்ணி போடவா?"

"வேணாம் மாமா. உக்காருங்க."

எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன். கடைசியில் நேராகவே சொன்னேன். அத்தைக்கு இருந்தது குடிப்பழக்கம் இல்லை, நோய். அம்மாவுக்கு இருக்கிற அதே நோய். மருந்து அடித்ததால் வந்திருக்கலாம். அன்றைக்கே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும், தப்பு என்னுடையது.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். "குடிக்கலையா?" என்றார்.

"இல்ல மாமா."

"ஒரு நாள்கூட?"

"அத்தை குடிக்கலன்னுதான் சொல்லியிருக்காங்க. ஃபாரத்துல இருக்கு. நீங்க ஆமான்னு சொன்னதால மாத்தி எழுதியிருக்காங்க."

முருகையா மாமா தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார்.

"அடிச்சிருக்கேம்மா அவள. சோத்துத் தட்டக் கீழ போட்டுட்டான்னு அடிச்சிருக்கேன். எங்கடி ஒளிச்சு வச்சிருக்க போத்தலன்னு தலமுடியப் புடிச்சு... இந்த வீடு பூராத் தேடியிருக்கேன். கெடைக்கவே இல்ல. கெடைக்கலன்னு இன்னும் அடிச்சேன்."

 ஆறுதல் சொல்லும் யோக்கியதை எனக்கு ஏது? அவர் வாய்விட்டு அழ ஆரம்பித்தார். நானும் அழுதேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் கதவோரம் வந்து பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். கிளம்பும்போது மாமா சாமி படத்தடியில் இருந்த திருநீற்றை எடுத்து எனக்குப் பூசினார். ஏன் பூசினார் என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா, "சொன்னியா?" என்றாள்.

"சொன்னேம்மா."

"என்ன சொன்னாரு?"

"அழுதாரு."

"அழட்டும்." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, "மொத்தம் எத்தன பேருன்னு சொன்ன?" என்றாள்.

"நாப்பத்தொன்னு. உன்னையும் சேத்து."

"எனக்குச் சொல்லிட்ட. முருகையாண்ணனுக்கு ஆச்சு. ரெண்டு. மத்தவங்க வீட்டுல எவ எவ என்ன பேரு வாங்கிட்டுச் செத்தாளோ. எல்லா வீட்டுக்கும் போ."

அப்புறம் மாதத்தின் முதல் ஞாயிறு அம்மா கேட்கும் கேள்வி மாறிவிட்டது. "எத்தன வீடு ஆச்சு?" என்று கேட்டாள். ஐந்து என்றேன், ஏழு என்றேன். சில வீடுகளில் திட்டினார்கள். ஒரு வீட்டில் அந்தப் பெண்ணே உயிரோடு இருந்தாள், மூலையில் போட்டு வைத்திருந்தார்கள். ஒன்பதாவது வீட்டுக்குப் போய்விட்டு வந்து சொல்ல அம்மா இல்லை. அன்று காலை பதினொரு மணிக்கே, ரதி கையில் போய்விட்டாள்.

திருத்திய கணக்கைப் புதுக் கட்டுரையாக எழுதி வெளியிட்டிருக்கிறேன். அதற்கு இதுவரை மூன்று மேற்கோள். பழையது வாபஸ் வாங்கிய பிறகும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொள்கிறார்கள். நேற்றைக்கு அறுநூற்று ஐம்பத்தெட்டு.

போன ஞாயிறு பெடாஸுக்குத்தான் மறுபடியும் போனேன், வேறொரு வீடு. திரும்பி வந்து கால் கழுவிவிட்டு முருகன் படத்துக்கு முன்னால் நின்றேன். கட்டுரைத் தாளை எடுத்துவிட்டு அந்த ஆணியில் அம்மா படத்தை மாட்டியிருக்கிறேன்.

"இருபத்தாறும்மா. இன்னும் பதினஞ்சு இருக்கு" என்று சொன்னேன்.